பிரேக் மென்பொருளுக்காக ரீகால் கடிதம் வந்துள்ளது: வைக்கோல் கிடந்த சாலையில் நான் உணர்ந்த தடுமாற்றத்துக்கும் இதுதான் காரணமா?

கேள்வி – பாமணியாற்றங்கரை (மன்னார்குடி)

அனைவருக்கும் வணக்கம். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் கார் ஒன்றை 2022-இல் திருச்சியில் வாங்கி ஓட்டி வருகிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. என் கேள்விக்கு அது தேவையும் இல்லை. இதுவரை பிரேக்கில் எந்தக் குறையும் கண்டதில்லை.

கடந்த தை மாதக் கடைசியில், சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரத்தில், நீடாமங்கலத்திலிருந்து கொரடாச்சேரி நோக்கிச் சென்றுகொண்டிருந்தேன். ஓரிடத்தில் சாலையின் இடது பாதியில் நெல்லைக் காயப் போட்டு, சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். அதைக் கடந்ததும் இடப்பக்கம் வைக்கோல் பரவிக் கிடந்தது. வேகம் 40 கிலோமீட்டர் இருக்கும். கன்று ஒன்று குறுக்கே வரப்போவதைத் தொலைவிலேயே பார்த்துவிட்டதால், பதற்றமின்றி, மெதுவாகத்தான் பிரேக்கை மிதித்தேன். இடப்பக்கச் சக்கரங்கள் வைக்கோலில் ஏறியதும் மிதியில் ஓர் அதிர்வு வந்தது. அதுகூட எனக்குப் புதிதல்ல. ஆனால் என் காலின் அழுத்தம் மாறாமல் இருக்கும்போதே, வண்டி ஒரு கணம் பிடியை விட்டுவிட்டு முன்னே நழுவியது போல இருந்தது. உடனே அழுத்தி மிதித்தேன், நின்றுவிட்டது. கன்றுக்கும் ஒன்றுமில்லை.

சர்வீஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் சுழலாமல் இறுகிவிடுவதைத் தடுக்கும் அமைப்பு) வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். பங்குனி மாதத்தில் அதே நிறுவனத்திடமிருந்து ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய வண்டியைத் திரும்ப அழைக்கும் கடிதமும் குறுஞ்செய்தியும் வந்தன. குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் பிரேக் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றித் தர வேண்டியுள்ளது என்றும், கட்டணம் இல்லை என்றும், முன்பதிவு செய்துகொண்டு வண்டியைக் கொண்டுவரவும் என்றும் அதில் உள்ளது. "சில சூழல்களில் பிரேக் உணர்வு மாறுபடலாம்" என்ற ஒரு வரியைத் தவிர, குறை என்னவென்று விளக்கம் ஏதும் இல்லை.

என் ஐயங்கள் இவை. நான் உணர்ந்ததும் கடிதம் சொல்வதும் ஒன்றுதானா? திருச்சி இங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அதுவரை இந்த வண்டியை ஓட்டிச் செல்வது சரியா? பக்கத்து வீட்டு நண்பர் ஒருவர், "ரீகால் என்றால் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தருவார்கள், இது சர்வீஸுக்கு வரவழைத்துப் பில் போடும் வேலை" என்கிறார். என் மருமகனோ, கைப்பேசியில் செயலியைப் புதுப்பிப்பது போல வீட்டிலிருந்தே இதைச் செய்துவிடலாம் என்கிறார். விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.


பதில் – பழைய ஃபோர்மேன் (கும்பகோணம்)

ஐயா, வணக்கம். 20 ஆண்டுகளுக்கு மேல் கார் விற்பனை நிறுவனங்களின் பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது அரசலாற்றுப் பக்கம் சொந்தமாகச் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதிய ஒரு செய்தியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: அழுத்தி மிதிக்கவில்லை, மெதுவாக மிதித்தபோதுதான் நழுவியது என்று எழுதியிருக்கிறீர்கள்.

பழைய வண்டியில் மிதியை அழுத்தினால் எண்ணெய் அழுத்தம் நேராகச் சக்கரத்துக்குப் போகும். உங்கள் வண்டியில் நிறுத்துவதற்கு இரண்டு ஆட்கள். மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்ப்பது ஒன்று. இதைப் பட்டறையில் ரீஜென் என்போம். வழக்கமான எண்ணெய் பிரேக் மற்றொன்று. நீங்கள் மிதிக்கும் அளவைப் பார்த்து, இதற்கு இவ்வளவு, அதற்கு இவ்வளவு என்று கணினி பங்கு போடுகிறது. மெதுவாக மிதிக்கும்போது பெரும்பங்கு மோட்டாருக்குப் போகும். அந்த நேரத்தில் ஒரு சக்கரம் வைக்கோலிலோ சேற்றிலோ வழுக்கினால், மோட்டாரின் பிடியை உடனே விலக்கிவிட்டு, வேலை முழுவதையும் எண்ணெய் பிரேக்கிடம் ஒப்படைக்க வேண்டும். நாற்று முடிச்சைக் கைமாற்றும்போது ஒருவர் கையை எடுத்த பிறகு மற்றவர் பிடித்தால் என்ன ஆகும்? அந்த இடைவெளிதான் நீங்கள் உணர்ந்த நழுவல் என்று நினைக்கிறேன். அரை விநாடிதானே என்று தோன்றலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. அரை விநாடி என்பது ஐந்தரை மீட்டர், அதாவது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம்.

இது புதிய கதையும் அல்ல. 2010 பிப்ரவரியில் டொயோட்டா, பிரியஸ் உள்ளிட்ட ஹைபிரிட் கார்கள் 4 லட்சத்து 37 ஆயிரத்தை உலக அளவில் இதே வகைக் குறைக்காகத் திரும்ப அழைத்தது. மேடுபள்ளமான அல்லது வழுக்கும் சாலையில், சீராக மிதித்துக்கொண்டிருக்கும்போது ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்கினால், பிடிமானம் ஒரு கணம் குறைவதாக ஓட்டுநர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். எந்த உதிரிப்பாகத்தையும் மாற்றவில்லை, ஏ.பி.எஸ். கணினியின் மென்பொருளை மட்டுமே மாற்றினார்கள். தொழிற்சாலையில் புதிதாகச் செய்யும் வண்டிகளுக்கு அந்த மாற்றத்தை ஜனவரியிலேயே செய்துவிட்டு, ஏற்கெனவே விற்றவற்றுக்குப் பின்னர்தான் அறிவித்தார்கள் என்பதும் அப்போது பெரிய பேச்சானது.

உங்கள் வண்டியின் குறையும் அதுவே என்று வண்டியைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். வேறு காரணங்களும் இருக்கலாம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நம் ஊர் ஈரக்காற்றில் தள்ளிப்போடவே கூடாது. டயரின் மேற்பரப்பிலுள்ள பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகுமளவு தேய்ந்திருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. இன்னொன்று, ரீஜென் உள்ள வண்டிகளில் பிரேக் தட்டுக்கு வேலை குறைவு என்பதால் அது துருப்பிடிக்கும். வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரும் மின்சாரக் கார்களில், உப்புக் காற்றால் பின்சக்கரத் தட்டுகள் செங்கல் நிறத்தில் இருப்பதை நானே பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் புறக்கணிக்காதீர்கள். திருச்சி வரை ஓட்டலாமா என்பதற்குக் கடிதத்திலேயே விடை இருக்கும்: "ஓட்ட வேண்டாம்" என்ற எச்சரிக்கை இருந்தால் இழுவை வண்டி அனுப்பச் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை என்றால், முன்வண்டிக்கு வழக்கத்தைவிட இரு மடங்கு இடைவெளி விட்டு, பகலில், மழையில்லாத நாளில் செல்லுங்கள். நழுவுவது போலத் தோன்றினால் காலை எடுத்து எடுத்து மிதிக்கக் கூடாது. விடாமல் முழு பலத்துடன் அழுத்த வேண்டும். அன்று நீங்கள் இயல்பாகவே செய்தது அதைத்தான்.


பதில் – வாடகைக் கார் ஓட்டுநர் (மயிலாடுதுறை)

ஃபோர்மேன் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. சென்ற ஆண்டு வேறொரு ரீகாலுக்காக என் வண்டியைக் கொண்டுபோனேன். நிறுவனம் எதுவென்று சொல்லத் தேவையில்லை. மென்பொருளுக்குக் கட்டணம் வாங்கவில்லைதான். ஆனால் நான் கேட்காமலே சக்கர அலைன்மென்ட், ஏ.சி. சுத்தம் என்று 3,800 ரூபாய்க்குப் பில் கொடுத்தார்கள். வாதாடி அலைன்மென்டை மட்டும் நீக்க முடிந்தது. ஆகவே ரீகால் வேலைக்கு மட்டும் தனி ஜாப் கார்டு (செய்யப்போகும் வேலைகளைக் குறிக்கும் தாள்) போடச் சொல்லுங்கள். வேறு வேலை ஏதும் செய்வதானால் என்னைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று அதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.

குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். ரீகால் என்ற பெயரில் முன்பதிவுக் கட்டணம் கேட்டு எனக்கே ஒரு போலிச் செய்தி வந்தது.


பதில் – முத்துப்பேட்டைக்காரன் (இப்போது சென்னை)

வாகன மின்னணுக் கட்டுப்பாட்டுத் துறையில் சோதனைப் பொறியாளராக இருக்கிறேன். ஃபோர்மேன் ஐயாவின் விளக்கம் சரியானது. என் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கிறேன். ஓரிடத்தில் சிறிது மாறுபடவும் செய்கிறேன்.

இரும்பிலோ ரப்பரிலோ குறை என்றால், அது பெரும்பாலும் ஒரு தொகுதியில், ஒரு வார உற்பத்தியில் இருக்கும்; ஒரு வண்டியில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. மென்பொருள் குறை அப்படியல்ல. அந்தப் பதிப்பு ஏறிய ஒவ்வொரு வண்டியிலும் அச்சு மாறாமல் இருக்கும். ஆனால் எல்லா ஓட்டுநரும் அதைச் சந்திக்க மாட்டார்கள், ஏனெனில் அது வெளிப்படுவதற்கு நான்கைந்து சூழல்கள் ஒன்றுசேர வேண்டும். "எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவே என் வண்டியில் குறையில்லை" என்று பலரும் கடிதத்தை மடித்து வைத்துவிடுவது இதனால்தான்.

2025-இல் வோல்வோ அமெரிக்காவில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்சாரக் கார்களையும், வெளியிலிருந்து சார்ஜ் செய்யக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட் கார்களையும் திரும்ப அழைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட மென்பொருள் ஏறிய வண்டியில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறையும் முறையைத் தேர்ந்தெடுத்து, இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் தொடர்ந்து 1 நிமிடம் 40 விநாடி உருண்டு வந்தால், அதற்குப் பின் மிதிக்கும்போது பிரேக் முற்றிலுமாகச் செயலிழக்கக்கூடும் என்பது குறை. நம் மாவட்டங்களில் ஆற்றுப் பாலத்திலிருந்து இறங்குவதைத் தவிர இறக்கம் ஏது? திருவாரூர்க்காரர் பத்து ஆண்டு ஓட்டினாலும் அந்தக் குறை தலைகாட்டாது. அவரே குடும்பத்துடன் ஏற்காட்டுக்குப் போய்த் திரும்பும்போது கொண்டை ஊசி வளைவில் அது முதன்முதலாக வெளிப்படும். உங்களுக்கு நேர்ந்தது இதன் தலைகீழ் வடிவம்: மலைநாட்டு ஓட்டுநர் சந்திக்க வாய்ப்பில்லாததை அறுவடைக் காலத்து டெல்டா சாலை உங்களுக்குக் காட்டியிருக்கலாம்.

இதையெல்லாம் முன்பே சோதிக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். சோதிக்கிறோம். ஒருபக்கச் சக்கரம் தார்ச் சாலையிலும் மறுபக்கச் சக்கரம் நீர் ஓடும் வழவழப்பான ஓடுகளின் மேலும் இருக்கும்படி அமைத்த தடத்தில் பிரேக் போட்டுப் பார்ப்பது வழக்கமான சோதனைதான். ஆனால் அந்தத் தடம் முழு நீளமும் ஒரே அளவில் வழுக்கும். வைக்கோல் அப்படியா? இரண்டடிக்கு வழுக்கும், ஓரடிக்குப் பிடிக்கும், பிறகு சக்கரத்தோடு சுருண்டு வரும். கணினி ஒவ்வொரு முறையும் முடிவை மாற்ற வேண்டியிருக்கிறது, மாற்றும் அந்த இடங்களில்தான் பிழைகள் ஒளிந்திருக்கும். (சாலையில் நெல் காயப் போடலாமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. களம் இல்லாதவர், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று மூட்டையைத் திருப்பி அனுப்பினால் வேறு எங்கே போவார்?)

மென்பொருளால் சரிசெய்த வேறு பிரேக் ரீகால்களும் உண்டு. 2020-இல் திரும்ப அழைத்ததும் வோல்வோதான். ஆபத்தைக் கண்டு வண்டி தானே பிரேக் போடும் வசதி சில வெப்பநிலைகளில் சரியாக இயங்காமல் போகலாம் என்று தெரிந்து, உலக அளவில் 7 லட்சத்து 36 ஆயிரம் கார்களுக்கு மென்பொருள் மாற்றினார்கள். ஓட்டுநர் மிதிக்கும் பிரேக்கில் அங்கே குறை இல்லை. 2025 ஆகஸ்டில் ஃபோர்டு, காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் மின்னணு பிரேக் பூஸ்டரின் குறைக்காக 3,12,120 வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

உங்கள் மருமகன் சொன்னது சில நிறுவனங்களின் வண்டிக்குப் பொருந்தும். அந்த ஃபோர்டு ரீகாலிலேயே தொலைவழிப் புதுப்பிப்புக்கும் வழி இருந்தது. 2018-இல் டெஸ்லா மாடல் 3 காரை அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்தபோது, மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி தேவைப்பட்டது. நிறுவனம் இணையம் வழியே ஏ.பி.எஸ். அளவீட்டை மாற்றி அனுப்பியது. அதே கார் அடுத்த சோதனையில் 133 அடியில் நின்றது. 19 அடி என்பது ஏறத்தாழ 6 மீட்டர். ஒரு திருகுகூட மாறவில்லை. சட்டப்படி அது ரீகாலே இல்லை. ஆனாலும் மென்பொருள் என்பது பிரேக்கின் ஓர் உறுப்பு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதம் முன்பதிவு செய்து வரச் சொல்வதால், உங்கள் வண்டிக்குத் தொலைவழி ஏற்பாடு இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

ஃபோர்மேன் ஐயாவுடன் நான் மாறுபடுவது இங்கேதான். எண்ணெயும் டயரும் தட்டும் முக்கியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் சர்வீஸ் நிலையத்தில் அவற்றை முதலில் பேசத் தொடங்கினால், "எண்ணெய் மாற்றினோம், சரியாகிவிட்டது" என்று கோப்பு மூடப்படும்; மென்பொருள் நிகழ்வு பதிவாகாது. முதலில் நாள், இடம், வேகம், சாலையின் நிலை, மிதித்த விதம், அன்று பேட்டரியில் இருந்த மின்னளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். மின்னளவு ஏன் என்றால், பேட்டரி நிறைந்திருக்கும்போது ரீஜென் குறைவாகவே வேலை செய்யும், அதனால் பிரேக்கின் பங்கீடும் மாறும்.

அதைவிட முக்கியமானது, மாற்றுவதற்கு முன் இருந்த மென்பொருள் பதிப்பு எண்ணையும் மாற்றிய பின் உள்ள எண்ணையும் எழுத்தில் வாங்குவது. பிரேக் பட்டை மாற்றினால் பழைய பட்டையைக் காட்டச் சொல்கிறோம் அல்லவா? இங்கே காட்டுவதற்குப் பழைய பொருள் கிடையாது. அந்த இரண்டு எண்கள்தான் பழைய பட்டையும் புதிய பட்டையும்.


பதில் – பழைய ஃபோர்மேன் (கும்பகோணம்)

தம்பி சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஜாப் கார்டில் நிகழ்வு முதலில் ஏற வேண்டும். எண்ணெய் அதற்குப் பிறகு. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மென்பொருள் ஏற்றும்போது வண்டியின் 12 வோல்ட் பேட்டரி பாதியில் இறங்கினால் கணினியே பழுதாகிவிடக்கூடும். அதனால் வெளியிலிருந்து சார்ஜர் இணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்க்கும் பையன்கள் உண்டு. அருகில் நின்று பாருங்கள். முடிந்ததும் நினைவகத்தில் பிழைக் குறியீடு ஏதும் இல்லை என்று ஸ்கேனரில் காட்டச் சொல்லி, பட்டறை ஆளுடன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக நீங்களாகவே வைக்கோல் மேல் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.


பதில் – வழக்குரைஞர் (தஞ்சாவூர்)

சட்டம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரீகால் என்றால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்ந்த 110ஏ பிரிவின்படி, வாகனத்தின் குறை சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநருக்கோ, பயணிக்கோ, சாலையில் செல்லும் பிறருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடும் என்றால், அவ்வகை வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு உற்பத்தியாளருக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். விலையைத் திருப்பித் தருவது, அதற்கு ஈடான அல்லது அதைவிட மேலான வேறு வாகனம் தருவது, குறையைச் சரிசெய்வது ஆகிய மூன்றும் அப்பிரிவில் உள்ளன. நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது மூன்றாவதுதான். உற்பத்தியாளர் குறையைத் தானே கண்டறிந்து அரசுக்குத் தெரிவித்து ரீகாலைத் தொடங்கினால், அதே பிரிவின்படி அபராதத்திலிருந்து தப்பலாம். உங்களுக்கு வந்திருப்பது அத்தகைய தன்விருப்ப அழைப்பாக இருக்கலாம். 2012 முதல் இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் வகுத்த நெறிமுறைப்படி நடந்து வந்ததும் இதுவே.

கட்டாய ரீகால் விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும்; அபராதம் 10 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி வரை. ஆனால் கட்டாய உத்தரவுக்கான விசாரணை தொடங்குவதற்கு, விற்பனையான எண்ணிக்கையைப் பொறுத்துக் குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர வேண்டும். அந்தப் புகாரை உரிமையாளரே மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் பதியலாம். தை மாதம் சர்வீஸ் நிலையத்துக்கு நீங்கள் தொலைபேசியில் சொன்னது எந்தக் கணக்கிலும் சேராது. பதிந்திருந்தால் சேர்ந்திருக்கும். கடிதம் வந்துவிட்டாலும் இப்போதும் பதியுங்கள் என்பதே என் கருத்து.

மென்பொருளை மாற்றிய பின்னும் நழுவல் தொடர்ந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் பொருள் பொறுப்பு பற்றிப் பேசுகிறது. உற்பத்திக் குறைபாடு மட்டுமன்றி வடிவமைப்புக் குறைபாடும், போதிய எச்சரிக்கை தராததும் அதில் அடங்கும். வண்டி வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையமான திருவாரூரிலேயே தொடரலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணமும் பெரிதல்ல: விலை 10 முதல் 20 லட்சம் வரையென்றால் 400 ரூபாய்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். அதற்கு முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னாலே பல நிறுவனங்கள் இறங்கி வருவதைப் பார்க்கிறேன். பொறியாளர் சொன்ன அந்த இரண்டு பதிப்பு எண்களும் உங்களிடம் இல்லையென்றால், இவற்றில் எதிலும் நீங்கள் வலுவாக நிற்க முடியாது.


மறுமொழி – பாமணியாற்றங்கரை (மன்னார்குடி)

எல்லோருக்கும் நன்றி. 12 நாள் கழித்து எழுதுகிறேன்.

குறுஞ்செய்தியின் இணைப்பை விட்டுவிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் நானே இட்டுப் பார்த்தேன். 17 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் பூஜ்யத்தை ஆங்கில ஓ என்று நினைத்து முதலில் தவறாக அடித்துவிட்டேன். அந்த எண்ணில் ஓ, ஐ, கியூ ஆகிய எழுத்துகள் வருவதே இல்லையாம். சரியாக இட்டதும் என் வண்டி பட்டியலில் இருப்பது உறுதியானது. "ஓட்ட வேண்டாம்" என்ற எச்சரிக்கை இல்லாததால், அதிகாலையில் கிளம்பி மெதுவாகவே திருச்சி சென்றேன்.

தனி ஜாப் கார்டு உடனே போட்டார்கள். நிகழ்வு பற்றிய தாளைப் பெற்றுக்கொள்ள ஆலோசகர் தயங்கினார். பொறியாளர் எழுதியது போல நாள், இடம், வேகம் எல்லாம் வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டு மேலாளரை அழைத்தார், அவர் கையொப்பமிட்டார். பதிப்பு எண்ணைக் கேட்டபோது, "அப்படியெல்லாம் யாரும் கேட்பதில்லை" என்றார்கள். கேட்கிறேன் என்றேன். ஸ்கேனர் திரையை முன்னும் பின்னும் அச்சிட்டுத் தந்தார்கள். சார்ஜர் இணைத்துத்தான் செய்தார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எண்ணெயின் ஈரப்பதம் அதிகமாக இருந்ததால் என் செலவில், தனிப் பில்லில் மாற்றிக்கொண்டேன். ஃபோர்மேன் ஐயாவும் பொறியாளரும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. வாகன் தளத்திலும் புகாரைப் பதிந்துவிட்டேன்.

திரும்பி வந்த பின் ஒன்று நினைவுக்கு வந்தது. பட்டுக்கோட்டையில் என் சித்தப்பா மகன் இதே மாதிரிக் காரைச் சென்ற ஆண்டு இரண்டாம் கையாக வாங்கினான். நிறுவனத்தின் பதிவேட்டில் இன்னும் முதல் உரிமையாளரின் முகவரிதான் இருக்கும் போலிருக்கிறது. அவனுக்குக் கடிதமும் வரவில்லை, குறுஞ்செய்தியும் வரவில்லை. நேற்று இரவு தொலைபேசியிலேயே சேசிஸ் எண்ணைப் படிக்கச் சொல்லிப் பார்த்தேன். அவன் வண்டியும் பட்டியலில் இருக்கிறது. நாளை மறுநாள் திருச்சிக்குக் கொண்டுபோகிறான். என் அச்சுத் தாளின் நகலைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.